ஒன்பது பீப்பாயில் மூன்று போன ஆண்டு

குளிர்ப் பகுதியில் சிவப்பு ஒயின் செய்கிறவர்களிடம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் வானத்தைத்தான் காட்டுவார்கள். துளிர்விடும் நேரத்தில் உறைபனி, பூக்கும் நேரத்தில் மழை, பழுக்கும் நேரத்தில் ஆலங்கட்டி. எங்கள் வீட்டிலும் காலம் காலமாக அதே பேச்சுதான். ஆனால் எங்களை உண்மையில் அடித்தது வானம் அல்ல. அறுவடை நல்லபடியாக முடிந்து, நொதித்தலும் முடிந்து, எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்த பிறகு, நிலவறையில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றிய குளிர்கால மாதங்கள்தான் அடித்தன. அந்த மாதங்களைப் பற்றி யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை எச்சரித்திருந்தால், பினோ நுவார் என்ற சிவப்புத் திராட்சை ரகத்தில் செய்த ஒயின் ஏறத்தாழ 900 பாட்டில் மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. நான் சொல்லி வைக்கிறேன்.

எங்களுடையது சிறிய இடம். தோட்டம் அப்பா பொறுப்பு, நிலவறை அண்ணன் பொறுப்பு, கணக்கும் விற்பனையும் என்னுடையவை. அந்த ஆண்டு அறுவடை முடிந்த கையோடு அண்ணனுக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை. எழுந்து நடமாடவே நாளாகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணியும் அவர் கூடவே இருந்தார். அப்பாவுக்கு மூட்டுவலி, நிலவறைப் படிகளில் இறங்குவதே பெரும்பாடு. ஆக, கீழே ஒன்பது பீப்பாய் பினோ, சிரா என்ற இன்னொரு சிவப்பு ரகம் நான்கு பீப்பாய், அவற்றோடு நான். ருசி பார்க்கத் தெரியும், அளவுக் கருவிகளைக் கையாளத் தெரியும், அண்ணனுக்குத் துணையாகப் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். ஆனால் துணையாக இருப்பது வேறு, முடிவெடுப்பது வேறு. இரவில் விழித்துக்கொண்டு, நாளைக்கு இதைச் செய்யலாமா வேண்டாமா என்று கூரையைப் பார்த்துக் கிடந்தபோதுதான் அந்த வேறுபாடு உறைத்தது.

கதைக்குள் போவதற்கு முன் கொஞ்சம் புளிப்பைப் பற்றிப் பேச வேண்டும். பினோ நுவார், வளர்பருவத்தின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 14 முதல் 16 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடங்களில்தான் தன் குணத்தைக் காட்டும். பர்கண்டி, ஓரிகான், டாஸ்மேனியா, நியூசிலாந்தின் மத்திய ஒட்டாகோ எல்லாம் இந்த ரகத்துக்குப் பேர் போனதற்குக் குளிர்தான் முதல் காரணம். பழத்தில் இருக்கும் மாலிக் அமிலம், அதாவது பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல்லைக் கூச வைக்கும் புளிப்பு, வெயிலில் கரைந்துபோகும். வெப்பமான பகுதிகளில் அறுவடையின்போது லிட்டருக்கு ஒன்று, இரண்டு கிராம்தான் மிஞ்சும். எங்களைப் போன்ற இடங்களில் நான்கு, ஐந்து கிராம் சாதாரணம். சிவப்பு ஒயினில் இதை அப்படியே விட முடியாது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்த பிறகு, ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா வந்து இந்த மாலிக்கை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்ற வேண்டும். இரண்டாம் நொதித்தல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அது முடியும் வரை, ஒயின் கெடாமல் காக்கும் கந்தகப் பொருளான சல்பைட்டைப் பீப்பாயில் போட முடியாது. போட்டால் அந்த பாக்டீரியாவும் அடங்கிவிடும். ஒயினுக்குக் காவல் நிற்பதே சல்பைட்தான் என்பதால், இரண்டாம் நொதித்தல் முடியும் வரை அது காவல் இல்லாமல் கிடக்கிறது என்று பொருள். எங்கள் சங்கடம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நுழைந்தது.

அந்த ஆண்டு கோடை சுமார்தான். பழம் 22 பிரிக்ஸ் இனிப்போடு வந்தது, பிஎச் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.3. மாலிக் மட்டும் நான்கரை கிராமுக்கு மேல். முதல் நொதித்தல் பிசிறில்லாமல் முடிந்தது. தொட்டியின் மேல் எழும்பிய தோல் சக்கையைக் காலையும் மாலையும் நானே அழுத்திவிட்டேன், பிழிந்தேன், பீப்பாய்களுக்கு மாற்றினேன். பினோவுக்கு எங்களிடம் இருந்த பழைய பீப்பாய்கள் ஐந்து. போதவில்லை. புதிய பீப்பாய் வாங்க வசதியில்லாததால், பயன்படுத்திய பீப்பாய்களை விற்பவர் ஒருவரிடமிருந்து நான்கு எடுத்திருந்தோம். "ஒரே ஒரு முறை ஒயின் வைத்தது, கந்தகப் புகை போட்டு மூடி வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்றார். அடைப்பைத் திறந்து முகர்ந்தால் ஓக் மர வாசனையும் கந்தக நெடியும் மட்டும்தான். வெந்நீர் விட்டுக் கழுவி, கசிவு பார்த்து, நிரப்பினோம். வழக்கமாக எல்லோரும் செய்வது இதுவே.

இரண்டாம் நொதித்தல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கச் சிறிய இடங்களில் காகித நிறப்பிரிகைச் சோதனை செய்வோம். தடித்த வடிதாளின் அடியில் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஊசிமுனைச் சொட்டு வைத்து, அதைச் சுருட்டி, மூக்கை அறுக்கும் ஆரஞ்சு நிறக் கரைசல் உள்ள ஜாடிக்குள் நிறுத்திவிட வேண்டும். சில மணி நேரத்தில் கரைசல் மேலே ஏறிவிடும். எடுத்துக் காய வைத்தால் நீலப்பச்சைப் பின்னணியில் மஞ்சள் பொட்டுகள் தெளியும். அடியில் திராட்சையின் இன்னொரு அமிலமான டார்டாரிக், அதற்கு மேலே மாலிக், இன்னும் மேலே லாக்டிக். நடுப்பொட்டு மங்கி மறைந்து மேல்பொட்டு தடித்தால் வேலை நடக்கிறது. எங்கள் தாளில் ஒன்பது வரிசையிலும் நடுப்பொட்டு முட்டையின் மஞ்சள் கருவைப் போல அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டு வாரம் கழித்தும் அதே. அடுத்த மாதமும் அதே.

காரணம் எளிது. அந்த பாக்டீரியாவுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். 15க்குக் கீழே இறங்கினால் சோம்பிவிடும். நிலவறை அப்போது 11 டிகிரி. அதோடு பிஎச் குறைவு, அதுவும் அதற்குப் பிடிக்காது. அப்பாவிடம் போய் நின்றேன். "விடும்மா, குளிர்காலத்தில் அதைச் சீண்டாதே. வசந்தம் வந்து அறை சூடானால் தானாக எழுந்துகொள்ளும். என் காலத்தில் எல்லாம் அப்படித்தான்" என்றார். அண்ணனும் தொலைபேசியில் அதையே சொன்னார். இருவரும் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் அந்த ஆண்டுகளில் எல்லாம் பீப்பாய்கள் எங்களுடையவை. இது யாருக்கும் தோன்றவில்லை.

காத்திருப்பதும் வேலைதான் என்று யாரும் சொல்வதில்லை. ஒயின் மரத்தின் வழியே மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். பீப்பாயின் தலைப்பகுதியில் காற்று சேர்ந்தால் வினிகர் புளிப்பு ஏறிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சல்பைட் இல்லாத ஒயினில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சாயங்காலம் கணக்கு வழக்கை முடித்துவிட்டுக் கீழே இறங்கி, கை மரத்துப்போக நிரப்பிவிட்டு ஏறுவேன். பேச ஒரு ஆள் கூட இல்லாமல் அந்த அறையில் நின்ற மாலைகள் சிலவற்றில் அழுதிருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

வசந்தம் வந்தது. அப்பா சொன்னது போலவே அறை சூடானது. எங்கள் பழைய பீப்பாய்கள் ஐந்திலும் அடைப்பில் காதை வைத்தால் மெல்லிய நுரைச் சத்தம் கேட்டது. நடுப்பொட்டு மங்கத் தொடங்கியது. மகிழ்ச்சியில் அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு குவளை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய நான்கில் நொதித்தல் தொடங்கியதா என்று பார்க்க, கண்ணாடிக் குழாயை இறக்கிக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, குவளையில் விட்டு முகர்ந்தேன். செர்ரிப் பழ வாசனைக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று. மருந்துக்கடையில் புதிதாகப் பிரித்த காயப் பட்டையின் நெடி. குவளையைச் சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தால் ஈரக் குதிரை லாயம். நான்கில் மூன்றில் அதுவே.

அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். இதில் ஆச்சரியமில்லை. எல்லா மூக்கும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. குளிர்ப் பகுதிச் சிராவில் வரும் மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்து 2008இல் வெளியிட்டார்கள். சமையலறை மிளகின் மணமும் அதனால்தான். அதையே ஐந்தில் ஒருவரால் உணர முடிவதில்லை. ஒயினை ஒரே ஆள் முகர்ந்து முடிவு செய்வது ஆபத்து என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் "இதுதான் பழைய பாணி, நிறையப் பேர் இதைத் தேடிக் குடிப்பார்கள்" என்று வேறு ஆறுதல் சொன்னார். கெட்டுப்போனதற்குப் பழைய பாணி என்று பெயர் வைப்பது இந்தத் தொழிலில் சகஜம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழம் பேச வேண்டிய இடத்தில் லாயம் பேசினால் அது குறைதான்.

இந்த வேலையைச் செய்வது பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட், சுருக்கமாக பிரெட். 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையில் வேலை செய்த கிளாசன், இங்கிலாந்து பீரில் இதை அடையாளம் கண்டு அந்தப் பெயரை வைத்தார். மற்ற ஈஸ்ட்கள் தின்ன முடியாமல் விட்டுவிட்ட துளிச் சர்க்கரையிலும் இது பிழைத்துக்கொள்ளும். ஓக் மரத்தின் உட்புறத்தில் எட்டு மில்லிமீட்டர் ஆழம் வரை கூட இறங்கியிருக்கும். மேலோட்டமாக வெந்நீரும் கந்தகப் புகையும் காட்டினால் அது சாவதில்லை, பதுங்குகிறது. "குளிர்ப் பகுதியில் பிஎச் குறைவு, இங்கே பிரெட் வராது" என்று அனுபவசாலிகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. பிஎச் குறைவாக இருந்தால் சல்பைட் நன்றாக வேலை செய்யும் என்பதுதான் அதற்குப் பின்னால் இருக்கும் காரணம். சல்பைட்டே இல்லாமல் ஒயின் மாதக்கணக்கில் கிடந்தால் அந்தப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

மாதிரிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். இந்தக் குதிரை வாசனைக்குக் காரணமான 4-எத்தில்ஃபீனால், சிவப்பு ஒயினில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மைக்ரோகிராம் அளவில் மனித மூக்குக்குப் பிடிபடத் தொடங்கும். பினோ போன்ற மெல்லிய ஒயினில் அதற்கும் குறைவாகவே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் மூன்று பீப்பாய்களும் 900ஐத் தாண்டியிருந்தன. நான்காவதில் தடம் மட்டும் இருந்தது. விற்றவரைத் தொடர்புகொண்டேன். "உங்கள் நிலவறையில்தான் வந்திருக்க வேண்டும், என் பீப்பாயில் இல்லை" என்றார். எதிர்த்துப் பேச என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. பீப்பாய் எந்த ஆலையிலிருந்து வந்தது, எத்தனை ஆண்டு பயன்பட்டது, காலி செய்து எவ்வளவு நாளாயிற்று என்று ரசீதில் எழுதி வாங்கும் வழக்கமே இந்தப் பக்கம் இல்லை. இப்போது நான் கேட்கிறேன். கூடவே, வந்த பீப்பாயில் சுத்தமான சூடான நீரைச் சில லிட்டர் விட்டு, உருட்டி, ஆற வைத்து, அந்த நீரைச் சோதனைக்கு அனுப்புகிறேன். அது எல்லாவற்றையும் பிடிக்காது, ஆனாலும் நிறையப் பிடிக்கும். எழுதித் தர மறுக்கிறவரிடம் வாங்குவதில்லை.

அடுத்து என்ன செய்வது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். "மூன்றையும் மற்ற ஆறோடு கலந்துவிடு, மூக்குக்குப் பிடிபடும் அளவுக்குக் கீழே போய்விடும்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 900ஐ மூன்றால் வகுத்தால் 300. தாளில் சரிதான். ஆனால் கலப்பது வாசனையை மட்டும் அல்ல, உயிருள்ள ஈஸ்ட்டையும் சேர்த்துத்தான். நல்ல ஆறு பீப்பாய்க்குள் அதை நானே ஏற்றிவிடுவேன். பாட்டிலுக்குள் போன பிறகும் அது வளரும். வாடிக்கையாளர் இரண்டு வருடம் கழித்துத் திறக்கும்போது அந்த லாயம் எங்கள் பெயரோடு வெளியே வரும். 0.45 மைக்ரான் சல்லடையில் வடிகட்டிவிட்டுக் கலக்கலாம் என்பது உண்மை. ஈஸ்ட் போய்விடும், வாசனை போகாது. நுண்சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் எதிர்த்திசை சவ்வூடு முறையில் வாசனையையும் இறக்க இயலும், ஆனால் அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க மூன்று பீப்பாய்க்கு யார் செலவு செய்வார்கள்? கலப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அண்ணன் சில வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றையும் காய்ச்சி வடிப்பவர் ஒருவருக்குக் கொடுக்கப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு வேண்டாம் என்றார். கடைசியில் கொட்டத்தான் வேண்டியிருந்தது. கொட்டுவதும் சுலபமில்லை. ஒயினை ஓடையிலோ சாக்கடையிலோ விட்டால் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீன்கள் செத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கைக் குவியலோடு சேர்த்து மட்கச் செய்தோம். இன்னொன்று, உங்கள் ஊரில் மதுவரி விதிகள் எப்படியிருந்தாலும், கொட்டுவதற்கு முன்பே அதிகாரிகளுக்கு எழுதித் தெரிவித்து, அளவைப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். கொட்டிய பிறகு சொன்னால், விற்றுவிட்டு மறைக்கிறீர்களா என்ற கேள்வி வரும்.

மிஞ்சிய ஆறில் இரண்டாம் நொதித்தல் முடிய வசந்தம் கடந்துவிட்டது. மாலிக் லிட்டருக்கு 0.1 கிராமுக்குக் கீழே வந்துவிட்டது என்று நொதிச் சோதனையில் உறுதி செய்த பிறகே சல்பைட் போட்டேன். காகிதச் சோதனையை மட்டும் நம்பி இந்த முடிவை எடுக்கக் கூடாது. பொட்டு மறைந்தது போலத் தெரியும்போதும் மிச்சம் இருக்கலாம், அது பாட்டிலுக்குள் போய் நொதித்து வாயு உண்டாக்கும். புளிப்பு குறைந்ததால் பிஎச் 3.3இலிருந்து 3.5க்கு ஏறியிருந்தது. இங்கே ஒரு கணக்கு. 3.3இல் லிட்டருக்கு 20 மில்லிகிராம் சுதந்திர சல்பைட், அதாவது வேறு பொருளோடு பிணையாத சல்பைட், செய்யும் வேலையை 3.5இல் செய்ய சுமார் 31 வேண்டும், 3.7இல் சுமார் 49 வேண்டும். பழைய அளவையே மனப்பாடமாகப் போட்டுக்கொண்டிருந்தால் பாதுகாப்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, சிறிது சிறிதாகப் பலமுறை போடாமல் ஒரே தடவையில் நிறைவாகப் போட வேண்டும். சில்லறையாகப் போட்டால் பெரும்பகுதி ஒயினில் உள்ள மற்றப் பொருட்களோடு பிணைந்து வீணாகிறது, பிரெட்டும் பழகிக்கொள்கிறது. 225 லிட்டர் பீப்பாய்க்கு லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்றால் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சுமார் 24 கிராம். அதன் எடையில் 57 விழுக்காடுதான் சல்ஃபர் டை ஆக்சைடு என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒயின் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. பாட்டிலில் அடைப்பது தள்ளிப்போனதால் அந்த ஆண்டின் விற்பனைப் பருவமும் தவறியது. முன்பணம் கொடுத்திருந்த உணவகங்கள் இரண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டன. வங்கித் தவணைக்கு அம்மாவின் சேமிப்பில் கைவைக்க வேண்டியதாயிற்று. கணக்கை முடித்துப் பார்த்தபோது, கொட்டிய ஒயினை விடத் தாமதம்தான் அதிகம் தின்றிருந்தது. அந்த நான்கு பீப்பாய்களையும் அறுத்து அடுப்புக்கு அனுப்பினேன். நான்காவது நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்பா கெஞ்சினார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஆண்டிலிருந்து முறையையே மாற்றிவிட்டோம். பாக்டீரியாவை நொதித்தல் முடியும் வரை காத்திருக்காமல், ஈஸ்ட் போட்ட மறுநாளே தொட்டியில் சேர்க்கிறோம். முதல் நொதித்தலின் சூடே அதற்கும் போதுமானதாக இருக்கிறது. பிஎச் அதிகமான பழத்தில் இப்படிச் செய்தால் வினிகர் புளிப்பு வரும் அபாயம் உண்டு. எங்களைப் போன்ற புளிப்புப் பழக்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு. பிழிந்த பிறகும் மாலிக் மிஞ்சியிருந்தால், நிலவறையின் ஒரு மூலையைத் தார்ப்பாய் போட்டு மறைத்து, சிறிய சூடேற்றி வைத்து 20 டிகிரியில் நிறுத்துகிறோம். சூடு கொடுப்பதென்றால் அப்போதே கொடுத்துவிட வேண்டும். வசந்தம் வரை விட்டுவிட்டுப் பிறகு சூடேற்றினால், அந்தச் சூடு பாக்டீரியாவை எழுப்பும் முன் பிரெட்டை எழுப்பிவிடும். இப்போதெல்லாம் குளிர் இறுகுவதற்குள் எங்கள் பினோவுக்குச் சல்பைட் போட்டாகிவிடுகிறது. சூடேற்றியின் மின்கட்டணத்தைப் பார்த்து அப்பா முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

சோதனைக்கு மாதிரி எடுப்பதில் ஒரு சின்ன விஷயம், இதைச் சோதனைக்கூடத்துப் பெண்மணி ஒருவர்தான் சொல்லிக் கொடுத்தார். பிரெட் பெரும்பாலும் பீப்பாயின் அடியில், வண்டலை ஒட்டித் தங்கும். மேலே இருந்து எடுத்த மாதிரியில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நம்பிவிடாதீர்கள், குழாயை அடிவரை இறக்கி எடுங்கள். ஒரு பீப்பாயிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் குழாயைச் சாராயத்தில் முக்கி எடுங்கள். சந்தேகப்படும் பீப்பாயை வரிசையில் கடைசியாக வையுங்கள். பீப்பாயில் வைத்த முதல் மாதத்தில் ஒன்று, குளிர்காலத்தின் நடுவில் ஒன்று, பாட்டிலுக்கு முன் ஒன்று என மூன்று முறை அனுப்பினால் போதும். பணம் இறுக்கமாக இருந்தால் நடுவில் உள்ளதை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.